முப்பது வருஷம் ஏறினவருக்கு என்ன பாடம்?

ஸ்ரீரங்கத்து வீடுகள் நீளமானவை. வாசல் ஒரு வீதியில் என்றால், கொல்லை முடிகிற இடம் கிட்டத்தட்ட அடுத்த வீதி. அந்தக் கொல்லைக் கடைசியில், கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் பக்கத்தில், அநேகமாக ஒரு தென்னை நிற்கும். தாத்தா காலத்தில் வைத்தது. இப்போது அறுபது, எழுபது அடி உயரம். அன்றைக்குச் சுற்றிலும் மண் தரை. காய் தானாக விழுந்தாலும் யாருக்கும் கவலையில்லை. இன்றைக்கு ஒரு பக்கம் அடுத்த வீட்டு ஓடு, மறு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள், இரண்டுக்கும் நடுவே மின்கம்பி.

மரம் ஏற ஆள் கிடைப்பதே பெரும்பாடு. போன் போட்டு, நாலு தரம் நினைவுபடுத்தி, கொள்ளிடம் தாண்டி ஒருவர் வந்து சேர்ந்தால் அன்றைக்கு வீட்டில் கல்யாணக் களை. அப்படி வந்தவரிடம் இப்போதெல்லாம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு கேள்வி கேட்கிறார்: “பயிற்சி எடுத்த சர்டிபிகேட் இருக்கா? எந்த வருஷம் எடுத்தது?”

வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறுகிறார். “முப்பது வருஷமா ஏறுறேன் சார். இந்தத் தெருவுல எந்த மரம் எப்படி சாயும்னு தெரியும். எனக்கு எதுக்கு இன்னொரு கிளாஸ்?”

அவர் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அரிவாளின் பின்புறத்தால் காயைத் தட்டி, சத்தத்தை வைத்தே முற்றலா இளசா என்று சொல்கிறவர் அவர். எந்த மட்டையைப் பிடித்தால் தாங்கும், எது கையோடு வரும் என்பது கைக்கே தெரியும். மழை விட்ட மறுநாள் பாசி பிடித்த பக்கம் எது, பனி காய எத்தனை மணி ஆகும் என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித் தந்ததில்லை. இப்படிப்பட்டவரை ஒரு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மரமே ஏறாத ஒருவர் திரையில் ‘தென்னையின் பாகங்கள்’ என்று படம் காட்டினால் அவருக்குக் கொட்டாவிதான் வரும். அதோடு ஒரு நாள் வகுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. சான்றிதழுக்குக் கட்டணம் என்று வைத்தால் அதற்கு ஒரு தரகர் முளைப்பார். அப்புறம் மரம் ஏறத் தெரிந்தவரை விட, சான்றிதழ் வாங்கத் தெரிந்தவர் முன்னால் நிற்பார்.

இத்தனையும் உண்மை. ஆனாலும் மறுபயிற்சி வேண்டும். அதுவும் புதிதாக வந்தவரை விடப் பழைய ஆளுக்குத்தான் அது அதிகம் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், கருவி மாறிவிட்டது. அந்தக் காலத்தில் காலில் தளை, இடுப்பில் அரிவாள், அவ்வளவுதான். இன்று பலரிடமும் மரமேறும் மெஷின் இருக்கிறது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஒரு விவசாயி வடிவமைத்த மாதிரி தென்னிந்தியா முழுக்கப் பரவியது. கோவை வட்டாரத்திலிருந்து உட்கார்ந்தபடி ஏறுகிற மாதிரிகளும் வந்தன. செம்பேரி மாதிரியில் இடது காலுக்கு ஒரு சட்டம், வலது காலுக்கு ஒரு சட்டம். எஃகு வடம் மரத்தைச் சுற்றி வரும். எடை இறங்கினால் வடம் மரத்தை இறுக்கும். காலைத் தூக்கினால் தளரும். மாற்றி மாற்றிக் காலைத் தூக்கி மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறலாம்.

தளை போட்டு ஏறின முப்பது வருஷம் உடம்புக்கு ஒரே ஒரு பாடத்தைச் சொல்லித் தந்திருக்கிறது: வழுக்கினால் மரத்தைக் கட்டிப் பிடி. மெஷினில் அந்தப் பாடம் மட்டும் போதாது. கால் சட்டத்துக்குள் பூட்டியிருக்கிறது. ஒரு கால் நழுவி மறு கால் மாட்டிக்கொண்டால் ஆள் தலைகீழாகத் தொங்க நேரிடும். அடியில் பருத்து உச்சியில் மெலிகிற மரத்தில் வடத்தின் பிடியும் மேலே போகப் போக மாறும். அதைச் சரிசெய்துகொண்டே ஏற வேண்டும். வடத்தில் ஒரு இழை பிசிறினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது காலில் தளை மாட்டின அனுபவத்தில் வராது. முப்பது வருஷ அனுபவம் என்று அவர் சொல்லும்போது, அதில் மெஷினோடு எத்தனை வருஷம் என்று கேட்டால் பதில் ஐந்தோ ஆறோ ஆக இருக்கலாம்.

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னையின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியதே ஆள் பஞ்சத்தைப் பார்த்துத்தான். ஆறு நாள் பயிற்சி. முடித்தவர்கள் கையில் ஒரு மரமேறும் கருவி. கேரளத்தில் பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். திட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கூடவே ‘கேர சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீடு. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியம் கட்டும், மிச்சத்தை ஏறுகிறவர் கட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. விழுந்த பிறகு வருகிற பணத்துக்கு வருஷா வருஷம் புதுப்பித்தல் உண்டு. விழாமல் இருக்கக் கற்ற பாடமோ ஆறு நாளோடு முடிந்தது.

இரண்டாவது காரணத்தை விளக்கத் திருச்சிக்காரர்களுக்கு ஒரு மாலை நேரத்தை ஞாபகப்படுத்தினால் போதும். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் 140 பேரோடு அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் சுற்றியது. மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள், டி.வி. முன்னால் சாமியை வேண்டிக்கொண்டவர்கள் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு எட்டே காலுக்கு விமானம் பத்திரமாக இறங்கியது.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உண்டு. ஆனால் அந்த மணி நேரங்களில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. நடக்காமல் இருப்பதுதான் நல்ல விமானப் பயணம். அதனால்தான் எத்தனை மூத்த விமானியானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் உட்கார்ந்து, என்ஜின் தீப்பிடிப்பதையும் சக்கரம் மாட்டிக்கொள்வதையும் பொய்யாக நடத்திப் பார்த்து, கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று விதி. வாழ்நாளில் ஒரு முறை கூட வராமல் போகக்கூடிய ஆபத்துக்கு அனுபவம் பாடம் சொல்லித் தர முடியாது. ஒத்திகையால்தான் முடியும்.

மரத்தின் மேலும் அதே கதை. பத்தாயிரம் தரம் ஏறி இறங்கியவருக்கு ஏறுவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொண்டைக்குள் கை விட்டதும் கதண்டு கிளம்பினால்? டெல்டாக்காரர்களுக்குக் கதண்டைப் பற்றி விளக்க வேண்டாம். கீழே இருப்பவன் ஓடலாம். அறுபதடி உயரத்தில் இருப்பவன் எங்கே ஓடுவான்? ஏறுவதற்கு முன் கொண்டையைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்ப்பது, கூடு இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்வது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூறு மரத்தில் கூடு இல்லாதபோது, நூற்றோராவது மரத்தில் அண்ணாந்து பார்ப்பது நின்றுபோகிறது. பழக்கத்தின் குணம் அது.

மின்கம்பியும் அப்படித்தான். காய்ந்த மட்டை கம்பியில் பட்டு ஒன்றும் ஆகாத பல நாட்கள் உண்டு. மழையில் நனைந்த பச்சை மட்டை பட்டால் கதை வேறு. இரும்புக் குழாயில் கட்டின தொரட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பிப் பக்கம் போகிறவர்களில் அனுபவஸ்தர்கள் இல்லாமல் இல்லை. மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதற்கு ‘அரை மணி நேர வேலைக்கு அவ்வளவு தூரம் எதுக்கு’ என்ற ஒரே பதில்தான் எங்கும் கேட்கிறது. மின்னகத்துக்கு ஒரு போன் போட வேண்டியது ஏறுகிறவர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மீட்பு. மயங்கியோ, மெஷினில் மாட்டியோ ஒருவர் மேலே தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் அசைவில்லாமல் தொங்குகிறவருக்குக் காலில் ரத்தம் தேங்கும். சீக்கிரம் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும், ஏணியும் வரும். ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த ஏணி எந்த வழியாகப் போகும்? திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், சமையலறை எல்லாம் தாண்டித்தானே கொல்லை! வண்டியில் பொருத்திய ஏணி வீதியிலேயே நின்றுவிடும். ஆக, அந்தச் சில நிமிஷங்களுக்குக் கீழே நிற்கிற இன்னொருவர்தான் துணை. அவருக்கு ஏறவும் தெரிந்திருக்க வேண்டும், மேலே இருப்பவரைக் கயிற்றில் கட்டி இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் பவர் சா எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினால் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் கீழிருந்து மேலேறி மீட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். ஏறுகிற கயிறும் பெல்ட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியானவரின் சோதனைக்குப் போக வேண்டும். இங்கே நிலைமை என்ன? கீழே நிற்பவர் பெரும்பாலும் விழுகிற காயைப் பொறுக்கிச் சாக்கில் போட வந்தவர். அவரை மேலே அனுப்ப முடியாது.

பவர் சா என்றதும் கஜா புயல் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. விழுந்து கிடந்த மரங்களை அறுத்து அகற்றுகிற வேலையில் எத்தனையோ புதுக் கைகள் பவர் சாவைப் பிடித்தன. விழுந்த மரத்தை அறுப்பது நிற்கிற மரத்தை வெட்டுவதை விடச் சிக்கலானது. வளைந்து அழுந்திக் கிடக்கிற மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டும் மறு பக்கம் நசுங்கியும் இருக்கும். தவறான பக்கம் கத்தியை வைத்தால் மரம் விசையோடு தெறிக்கும், இல்லாவிட்டால் கத்தியைக் கவ்விக்கொள்ளும். சாவின் முனையின் மேல் பாகம் எதிலாவது பட்டால் மொத்த மெஷினும் முகத்தைப் பார்த்துத் துள்ளும். சங்கிலி ஓடுகிற வேகம் நொடிக்கு 20 மீட்டர் என்ற கணக்கு. கையை விலக்க நேரம் இருக்காது.

இந்த விஷயத்தில் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற யோசனை கவனிக்கத்தக்கது. பவர் சா சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் தினமும் அதே வேலையாக இருப்பவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையும், எப்போதாவது எடுப்பவர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும் மறுபயிற்சி எடுப்பது நல்லது என்கிறார்கள். அதாவது குறைவாகச் செய்கிறவருக்கு அடிக்கடி பாடம். இதைத் திருச்சிக்குப் பொருத்திப் பார்த்தால், வருஷம் முழுக்கத் தோப்பில் வேலை செய்கிறவரை விட, புயலோ பெருமழையோ வந்தால் மட்டும் வாடகைக்கு மெஷின் எடுத்துக்கொண்டு தில்லை நகரிலும் கே.கே.நகரிலும் வீடு வீடாக இறங்குகிற ஆளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அமெரிக்காவை மையமாகக் கொண்ட சர்வதேச மர வளர்ப்பாளர் சங்கமோ இன்னும் கறார்: சான்று பெற்றவர் மூன்று வருஷத்துக்குள் 30 மதிப்பெண் அளவுக்குத் தொடர்கல்வி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேர்வை மறுபடி எழுத வேண்டும்.

மூன்றாவதாக, மரத்தைப் பற்றிய அறிவே மாறுகிறது. கிளையை உடம்போடு ஒட்ட வெட்டிவிட்டுத் தார் பூசுவதுதான் ஒரு காலத்தில் நல்ல வேலைக்கு அடையாளம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரம் காயத்தைத் தானே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது, ஒட்ட வெட்டுவதும் பூச்சும் அதற்கு உதவுவதில்லை என்று 1970-களிலும் 80-களிலும் காட்டினார். வேம்புக்கும் புங்கனுக்கும் இது பொருந்தும். திருச்சி வீதிகளில் வெட்டின இடத்தில் இன்னும் கறுப்புத் தார் பளபளக்கிறது.

தென்னைக்கு வேறு கணக்கு. அது புல் வகையறா; தண்டில் பட்ட வெட்டு ஆறவே ஆறாது. பச்சை மட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள் என்று வேளாண் துறையினர் சொல்வதற்குக் காரணம், புது வெட்டின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும் என்பது. நம் ஆட்களோ ‘நீட்டா இருக்கணும்’ என்று பச்சை மட்டையையும் அடியோடு கழித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரரும் மரம் முடி வெட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். அடுத்த பறிப்பில் காய் ஏன் குறைந்தது என்று அப்புறம் கேட்கிறார்.

இதில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. 1952-ல் தஞ்சை மாவட்டத்தைப் புயல் தாக்கிய பிறகு கண்டறியப்பட்டதால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர் பெற்ற நோய் இது. ஒரு பூஞ்சை வேரையும் அடிமரத்தையும் அழுக வைக்கும். மேலே காய் தொங்கும், கொண்டை ஓரளவு பச்சையாகவே தெரியும். அடியில் மட்டும் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். அது தெரியாமல் எழுபது கிலோ மனிதரும் மெஷினும் உச்சிக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். இதை ஒருவர் அறிந்திருக்கிறாரா என்பது அவர் எத்தனை வருஷம் ஏறினார் என்பதைப் பொறுத்ததல்ல. நோய் வந்த மரத்தை யாராவது காட்டிக் கொடுத்தார்களா என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் மறுபயிற்சி எப்படி இருக்க வேண்டும்? ஹாலும் திரையும் வேண்டாம். ஒரு தோப்பு போதும், அரை நாள் போதும். மணல் மூட்டையை ஆள் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, இரண்டிரண்டு பேராக ஏறி அதை இறக்கிப் பார்க்க வேண்டும். பிசிறின வடம் ஒன்றையும் நல்ல வடம் ஒன்றையும் கையில் கொடுத்துத் தடவச் சொல்ல வேண்டும். தேர்வு என்று வைத்தால் அது எழுத்தில் இருக்கக் கூடாது. பழைய ஆட்களில் கெட்டிக்காரர்களைக் கூலி கொடுத்து வாத்தியாராக்க வேண்டும். காயைத் தட்டிச் சத்தம் கேட்கிற வித்தையை இளைஞர்களுக்கு வேறு யார் சொல்லித் தருவது? வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டால் ‘எனக்கு எதுக்கு கிளாஸ்’ என்ற கேள்வியில் பாதி கரைந்துவிடும். கரூர் சாலையில், பெட்டவாய்த்தலைக்கு அருகே சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. காவிரிக்கரையில் தோப்புக்கும் பஞ்சமில்லை.

நாளும் கைவசம் இருக்கிறது. ஆயுத பூஜையன்று மரமேறிகள் மெஷினைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். வடத்தை இழை இழையாகப் பார்க்க அதை விடத் தோதான நாள் வேறில்லை. மறுநாள் விஜயதசமி. அன்று பெரிய வித்வான்களும் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாடம் ஆரம்பிக்கிற வழக்கம் உண்டு. அதை யாரும் கௌரவக் குறைச்சலாக நினைத்ததில்லை.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சங்கச் செயலாளர் கேட்க வேண்டியது சான்றிதழின் தேதியை மட்டுமல்ல. கூட வந்தவருக்கு மேலே ஏறத் தெரியுமா, இந்த வருஷம் காப்பீடு கட்டியாயிற்றா, வடம் எப்போது மாற்றினது என்று கேட்கலாம். ‘காய் பொறுக்க ஒரு ஆள் எதற்கு, நானே பொறுக்கிக்கொள்கிறேன்’ என்று இரண்டாவது ஆளின் கூலியை மிச்சம் பிடிக்கிற வழக்கத்தை அவசியம் விட வேண்டும். மரமேறி வருகிற அன்று காலை, ரேழியில் நிறுத்தியிருக்கிற ஸ்கூட்டரையும் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கிற பழைய பேப்பரையும் எடுத்து ஓரமாக வைத்து, வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு ஸ்ட்ரெச்சர் போகிற அளவுக்கு வழி விட்டுவைப்பது நல்லது.